நட்சத்திரக் குறியால் காணாமல் போன நடுகற்கள்

தர்மபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. ஆநிரை மீட்கும் சண்டை போன்றவற்றில் உயிர்விட்ட வீரர்களுக்கு எடுத்த கற்கள் இவை. தர்மபுரி அரசு அருங்காட்சியகத்திலும் இவற்றைக் காணலாம். அச்சில் வந்த நடுகல் வாசகங்களை ஊர்வாரியாக எக்ஸெலில் டைப் செய்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் "பட்டான்" என்று தேடினேன். கண்ணெதிரே இருக்கும் வரியைக்கூட எக்ஸெல் காட்டவில்லை. காரணம், அங்கே "ப[ட்]டான்" என்று இருந்தது. கல்லில் சிதைந்த எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இடுவதும், பதிப்பாசிரியர் தாமே நிரப்பியதற்கு நட்சத்திரக் குறி (*) சேர்ப்பதும் கல்வெட்டுப் பதிப்பு மரபு.

குறிகளை நீக்கிவிடலாம் என்று கண்ட்ரோல் + எச் அழுத்தினேன். தேடும் கட்டத்தில் * கொடுத்து, மாற்றும் கட்டத்தைக் காலியாக விட்டு, ரீப்ளேஸ் ஆல் கிளிக் செய்தேன். ஷீட் முழுவதும் வெறுமை! நல்லவேளை, கண்ட்ரோல் + இசட் காப்பாற்றியது.

ஏன் இப்படி? எக்ஸெலின் தேடலில் * என்றால் "எத்தனை எழுத்தானாலும், எதுவானாலும்"; ? என்றால் "ஏதாவது ஓர் எழுத்து". அந்தக் குறியையே தேட வேண்டுமானால் முன்னால் ~ (டில்டே) சேர்த்து, ~* அல்லது ~? என்று தர வேண்டும். டில்டேயையே தேட ~~ தரவும். இப்படிச் சிறப்புப் பொருளை நீக்கும் குறியை எஸ்கேப் கேரக்டர் என்பார்கள்.

அக்செஸ் டேட்டாபேஸில் முறை வேறு. அங்கே நட்சத்திரத்தை [*] என்றும், திறக்கும் சதுர அடைப்பை [[] என்றும் தர வேண்டும். வெறுமனே [ட்] என்று கொடுத்தால், அடைப்பை விட்டுவிட்டு உள்ளிருக்கும் எழுத்தைத்தான் தேடும்.

இப்போது நான் செய்வது இதுதான். மூல வாசகம் உள்ள காலத்தை அப்படியே பக்கத்துக் காலத்தில் காப்பி செய்கிறேன். புதிய காலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து [, ], ~* ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீக்குகிறேன். தேடுவது இதில், படிப்பது மூலத்தில்.

மூலத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். கல்லில் உள்ள எழுத்து எது, பதிப்பாசிரியர் ஊகித்தது எது என்று சொல்லும் சாட்சி அந்தக் குறிகள்தான். ரீப்ளேஸ் ஆல் கிளிக் செய்யும் முன் பைலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.