உயர் நீதிமன்ற நீதியரசர்களை யார் நியமிக்கிறார்கள்? வெலிமடையிலிருந்து சில சந்தேகங்களும் விளக்கங்களும்

2024 ஏப்ரல் 30இல் தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. பெருந்தோட்டக் கம்பனிகள் கொழும்பு புதுக்கடையிலுள்ள நீதிமன்றத்துக்குப் போயின. ஜூலை 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. கொழுந்துக்கூடையைச் சுமப்பவர் கையில் வரவேண்டிய காசு புதுக்கடையில் நின்றால், அங்கே உட்கார்ந்திருப்பவர்களை யார் உட்கார வைத்தது என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஜனாதிபதி விரும்பிய ஆளைப் போட்டுவிடலாமா?

இப்போது முடியாது. நியமனக் கடிதத்தில் கையெழுத்திடுபவர் ஜனாதிபதிதான். பெயரைச் சொல்பவரும் அவர்தான். ஆனால் அந்தப் பெயரை அரசியலமைப்புப் பேரவை அங்கீகரிக்க வேண்டும். பேரவையில் பத்துப் பேர். சபாநாயகர் தலைவர். பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் பதவி வழியாக வருகிறார்கள். ஜனாதிபதியின் பிரதிநிதியாக ஒரு எம்.பி., ஆளுந்தரப்பிலிருந்து ஒருவர், எதிர்க்கட்சித் தலைவரின் கட்சியிலிருந்து ஒருவர், ஏனைய கட்சிகளிலிருந்து ஒருவர். மிச்சம் மூவர் நாடாளுமன்றத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள். எல்லோரும் ஒத்துப்போகாவிட்டால், குறைந்தது ஐந்து பேராவது ஆதரிக்க வேண்டும். நீதியரசர் நியமனமென்றால் பிரதம நீதியரசரின் கருத்தையும் பேரவை கேட்டாக வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: பேரவை தானாக ஒரு பெயரைச் சொல்ல முடியாது. வந்த பெயருக்கு ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். 'பதில் கடமை' என்று ஒருவரை வைத்துக்கொண்டு காலம் கடத்தவும் வழியில்லை. 14 நாளைத் தாண்டினால் அதற்கும் அங்கீகாரம் வேண்டும்.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா?

இல்லை. வெலிமடைச் சந்தையில் உருளைக்கிழங்கு விலை மாதிரி இந்த அதிகாரமும் ஏறி இறங்கியிருக்கிறது. 1978 யாப்பில் முழு அதிகாரமும் ஜனாதிபதி கையில். 2001இல் 17ஆவது திருத்தம் பேரவையைக் கொண்டுவந்தது. 2010இல் 18ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டு, வெறுமனே அபிப்பிராயம் சொல்லும் நாடாளுமன்றச் சபையொன்றை வைத்தது. 2015இல் 19ஆவது திருத்தத்தோடு பேரவை திரும்பியது. 2020இல் 20ஆவது திருத்தம் மறுபடி பிடுங்கியது. 2022 ஒக்டோபரில் 21ஆவது திருத்தம் திருப்பித் தந்தது. ஆனாலும் 20ஆவது திருத்தம் செய்த ஒரு மாற்றம் தங்கிவிட்டது: பிரதம நீதியரசரோடு சேர்த்து 11 ஆக இருந்த நீதியரசர்களின் உச்ச எண்ணிக்கை 17 ஆனது.

பத்தில் ஏழு பேர் எம்.பி.க்கள் என்றால் அதுவும் அரசியல்தானே?

அரசியல்தான். ஆனால் ஒரே ஒருவரின் அரசியல் இல்லை. தாம் அனுப்பிய பெயர்களைப் பேரவை நிராகரிக்கிறது என்று மைத்திரிபால சிறிசேன 2019இல் நாடாளுமன்றத்திலேயே குறைப்பட்டுக்கொண்டார். ஜனாதிபதி ஒருவர் அப்படிப் புலம்ப நேர்ந்ததே பேரவைக்குப் பல் இருந்ததற்குச் சாட்சி.

இன்னொன்றையும் பாருங்கள். 2018 ஒக்டோபரில் நளின் பெரேராவைப் பிரதம நீதியரசராக நியமித்தவர் இதே சிறிசேனதான். அடுத்த மாதம் அவர் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். டிசம்பர் 13ஆம் திகதி நளின் பெரேரா தலைமையிலான எழுவர் அமர்வு, அந்தக் கலைப்பு சட்டத்துக்கு முரண் என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. 'போட்டவருக்குத்தான் பேசுவார்கள்' என்ற கணக்கு எப்போதும் சரிவருவதில்லை.

என்ன தகுதி வேண்டும்? மூத்தவருக்குத்தான் பிரதம நீதியரசர் பதவியா?

யாப்பில் தகுதியும் எழுதப்படவில்லை, மூப்பு விதியும் இல்லை. எனக்கு இதுதான் பெரிய ஓட்டையாகத் தெரிகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த ஷிராணி பண்டாரநாயக்க 1996இல் நேரே உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். 1999இல் மூத்த நீதியரசர் மார்க் பெர்னாண்டோவைத் தாண்டி, சட்டமா அதிபராக இருந்த சரத் என். சில்வா பிரதம நீதியரசரானார். 2019இல் சட்டமா அதிபர் ஜயந்த ஜயசூரிய அதே கதிரைக்கு நேராகவே வந்தார். அவருக்குப் பேரவையின் அங்கீகாரம் இருந்தது. தமிழர்களும் அந்தக் கதிரையில் இருந்திருக்கிறார்கள்: 1984இல் எஸ். சர்வானந்தா, 1991இல் எச். தம்பையா, 2015இல் கே. ஸ்ரீபவன்.

நியமித்தவரே நீக்கலாமா?

நீக்க முடியாது. 65 வயதில் ஓய்வு. அதற்கு முன் அகற்றவேண்டுமென்றால் மொத்த எம்.பி.க்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரிக்கும் தீர்மானம் வேண்டும். காகிதத்தில் இது பலமான வேலி. 2013 ஜனவரியில் அது எப்படிச் சரிந்தது என்று நாடே பார்த்தது. அப்போது பிரதம நீதியரசராக இருந்த ஷிராணி பண்டாரநாயக்கவை விசாரித்த நாடாளுமன்றத் தெரிவுக்குழுவுக்கு அந்த அதிகாரமே இல்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் குழுவின் முடிவை ரத்துச் செய்தது. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு நாடாளுமன்றம் 155க்கு 49 என்று குற்றப்பிரேரணையை நிறைவேற்றியது. அவருடைய இடத்துக்கு மொஹான் பீரிஸ் வந்தார். 2015 ஜனவரியில் புதிய ஜனாதிபதி அந்த நியமனமே செல்லாது என்றார். ஷிராணி ஒருநாள் கதிரையில் அமர்ந்துவிட்டு ஓய்வுபெற்றார். அநியாயத்தைத் திருத்திய விதமும் முறையானதா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. இந்தக் கூத்து நடந்த காலம் 18ஆவது திருத்தத்தின் காலம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்திய டி.வி.யில் 'கொலீஜியம்' என்கிறார்களே, அது இங்கே உண்டா?

கிடையாது. அங்கே மூத்த நீதிபதிகளே பெயர்களைப் பரிந்துரைக்கிறார்கள். அதை மாற்ற வந்த சட்டத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 2015இல் தள்ளிவிட்டது.

வெலிமடை நீதவானையும் ஜனாதிபதிதான் போடுகிறாரா?

இல்லை, நீதிச்சேவை ஆணைக்குழு. நீதவான்களையும் மாவட்ட நீதிபதிகளையும் நியமிப்பது, இடம் மாற்றுவது, ஒழுக்காற்று விசாரணை நடத்துவது எல்லாம் அவர்கள் கையில். பதுளை மேல் நீதிமன்ற நீதிபதியை ஜனாதிபதி நியமித்தாலும், பரிந்துரை அதே ஆணைக்குழுவுடையது. அதற்குத் தலைவர் பிரதம நீதியரசர். கூட இருக்கும் இருவரும் உயர் நீதிமன்ற நீதியரசர்கள். ஆகவே கொழும்பில் ஒரு கதிரைக்கு நடக்கும் இழுபறியின் நிழல், காணிச் சண்டைக்கும் தாபரிப்பு வழக்குக்கும் நாம் ஏறும் படிவரை நீளும்.

தோட்டத்து ஆள் நேரே உயர் நீதிமன்றம் போகலாமா?

அரசாங்கமோ அதன் அதிகாரிகளோ அடிப்படை உரிமையை மீறினால் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் மனுப் போடவேண்டும். கொழும்புக்குப் போய் லோயர் பிடிக்கவே அந்த மாதம் ஓடிவிடும். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் பதுளையிலேயே இருக்கிறது. முறைப்பாடு கொடுத்ததற்கான துண்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.