அடிபட்ட முயலுக்கு வயிறே முதல்

நகரத் தெருவில் வெள்ளை முயல் ஒன்று காருக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருந்தால், அது காட்டிலிருந்து வழி தவறி வந்ததாக இருக்க முடியாது. தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளிலும் வயல்வரப்புகளிலும் ஓடும் காட்டு முயல் பழுப்பு நிறம். பிடரியில் கறுப்புத் திட்டு இருக்கும். கடைகளில் விற்கப்படும் வளர்ப்பு முயல் முற்றிலும் வேறு இனம். ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துக் காட்டு முயலிலிருந்து மனிதர்கள் வளர்த்தெடுத்தது. எனவே தெருவில் திரியும் வெள்ளை முயல் யாரோ வாங்கி, சலித்துப்போய், விட்டுவிட்டுப் போனது. இல்லையென்றால் கூண்டிலிருந்து தப்பியது. ஒளிந்துகொள்ள உதவும் நிறம்கூட அதற்கு இல்லை. நாய், பூனை, காகம், பைக் என்று எதிலாவது சீக்கிரம் மாட்டிக்கொள்ளும்.

அதைக் கையில் எடுப்பவர் கண்ணுக்கு முதலில் படுவது ரத்தம். விவரம் தெரிந்த கால்நடை மருத்துவர் முதலில் கேட்பதோ, “சாப்பிட்டதா? புழுக்கை போட்டதா?” என்றுதான்.

காரணம் முயலின் குடல். அதன் பெருங்குடல்வாய் என்ற பை, மாவுப் பானை போல எந்நேரமும் புளித்துக்கொண்டே இருக்கும். அங்குள்ள நுண்ணுயிரிகள் புல்லின் நாரைச் செரித்து, சத்துள்ள மென்மையான உருண்டைகளாக்குகின்றன. முயல் அவற்றை ஆசனவாயிலிருந்து நேராக வாயில் வாங்கி மறுபடி விழுங்கும். இந்த ஓட்டம் நிற்காதிருக்க நார் உள்ளே போய்க்கொண்டே இருக்கவேண்டும். வலி வந்தால் முயல் தின்பதை நிறுத்தும். தின்னாவிட்டால் குடல் மந்தமாகும். குடலில் காற்று சேர்ந்து வலி கூடும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாத முயலை அவசர நோயாளியாகவே மருத்துவர்கள் கருதுகிறார்கள். காயம் சிறிதாக இருந்தும் முயல் செத்துப்போவதற்கு இந்தச் சுழல் ஒரு முக்கியக் காரணம்.

தூக்கும் முறையிலேயே ஆபத்து தொடங்கிவிடுகிறது. பூனையின் எடையில் 12, 13 சதவீதம் எலும்பு என்றால், முயலுக்கு அது 8 சதவீதம் அளவுதான். பின்னங்கால் தசைகளோ மிக வலுவானவை. காதைப் பிடித்துத் தூக்கினால் அது துள்ளி உதைக்கும் உதையில் அதன் இடுப்பு முதுகெலும்பே முறிந்துவிடலாம். ஒரு துண்டைப் போர்த்தி, மார்புக்கு அடியில் ஒரு கையும் பிட்டத்துக்கு அடியில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கவேண்டும். மல்லாத்தினால் அசையாமல் கிடக்கிறதே என்று நினைக்கவேண்டாம். எதிரியிடம் சிக்கிய பயத்தில் உறைந்துபோகும் நிலை அது.

காற்றோட்டத்துக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழைய துணி, உள்ளே இருட்டு. கொண்டுபோக இது போதும். மருத்துவமனையில் நாய்கள் குரைக்கும் வரிசையிலிருந்து தள்ளி உட்காருவது நல்லது.

முயலின் இயல்பான உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். அதிர்ச்சியில் இது சரிந்தால் பிழைக்கும் வாய்ப்பும் சரிகிறது. காது சில்லிட்டிருந்தால், வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். சித்திரை வெயிலில் மூச்சிரைக்கக் கிடக்கும் முயலுக்கு இதற்கு நேர்மாறான கவனிப்பு தேவை: நிழலுக்குக் கொண்டுபோய்க் காதுகளைத் தண்ணீரால் நனைக்கவேண்டும். முயலின் உடல் சூடு பெரும்பாலும் காதுகள் வழியாகவே வெளியேறுகிறது.

பூனைக்கடி வெளியே ஊசி முனை அளவுதான் தெரியும். உள்ளே ஆழமாகச் சீழ் வைக்கும். ஈரமான காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். ஆகவே ரோமத்தை விலக்கி உடல் முழுக்கப் பார்ப்பது அவசியம். காபித் தூள், மஞ்சள் தூள் அப்புவது வேண்டாம். முயல் அதை நக்கித் தின்னும். வீட்டில் இருக்கும் அமாக்சிசிலின் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது இன்னும் மோசம். வாய்வழியாகக் கொடுக்கப்படும் பென்சிலின் வகை மருந்துகள் குடலின் நல்ல நுண்ணுயிரிகளை அழித்து, நச்சுக் கிருமிகள் பெருக வழி விடுகின்றன. நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலைக் கொல்லக்கூடியது.

வலிக்கும்போது முயல் கத்துவது அபூர்வம். அதனால் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காதில் பச்சை குத்தப்படும் முயல்களின் முகத்தைப் படமெடுத்து ஆராய்ந்து, 2012-இல் ஒரு வலி அளவுகோலை வெளியிட்டார்கள். இடுங்கும் கண், தட்டையாகும் கன்னம், மூக்குத் துளையின் வடிவம், மீசை ரோமம், காது ஆகிய ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடும் முறை அது. வீட்டில் பராமரிப்பவர்களுக்கும் இவை பயன்படும் அடையாளங்கள்தான். கூனிக் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடிக்கும் முயல் தூங்கவில்லை, வலியில் இருக்கிறது.

மருத்துவர் வலி மருந்து கொடுத்து, குடலில் அடைப்பு இல்லை என்று உறுதி செய்த பிறகு, வீட்டில் நடக்கும் வேலை ஊட்டுவதுதான். முயல் தீவனக் குருணையை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்குப் பின்னுள்ள இடைவெளியில் பக்கவாட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். பாலும் பிஸ்கட்டும் ஆகாது. கேரட்டில் சர்க்கரை அதிகம். சிறு துண்டு போதும். தானாகத் தின்னத் தொடங்கியதும் அருகம்புல்லும் உலர்ந்த புல்லும் எந்நேரமும் முன்னால் கிடக்கட்டும். நாள்தோறும் புழுக்கையின் எண்ணிக்கையும் பருமனும் கூடினால் முயல் தேறுகிறது என்று பொருள். முயலின் பாதத்தில் நாய்க்கு இருப்பது போன்ற மெத்தை கிடையாது, வெறும் ரோமம்தான். கம்பி வலைக் கூண்டில் நாள்கணக்கில் வைத்தால் பாதம் புண்ணாகும். தரையில் துணியோ வைக்கோலோ விரிக்கவேண்டும்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களைக் கேலி செய்கிறோம். ஆனால் நொறுங்கிய காலை அறுவை சிகிச்சையில் எடுத்த முயல்கள் மூன்று காலோடு நன்றாகவே தத்தித் திரிகின்றன. முதுகெலும்பு முறிந்து பின்னங்கால்களில் வலி உணர்வே இல்லாமல் போனால்தான் நம்பிக்கை குறைவு. அப்போது வலியில்லாமல் உயிரைப் போக்குவதும் மருத்துவர் சொல்லக்கூடிய கருணையான வழிதான்.

கிராமப்புறத்தில் வேறொரு தவறு நடக்கிறது. வரப்பில் தனியே கிடக்கும் காட்டு முயல் குட்டியை, தாயில்லாதது என்று தூக்கி வந்துவிடுகிறார்கள். வளர்ப்பு முயல் குட்டி ரோமமில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். காட்டு முயல் குட்டியோ ரோமத்தோடு, திறந்த கண்ணோடு பிறக்கும். தாய் அதைத் தனியே விட்டுவிட்டு, இருட்டும் நேரத்தில் வந்து பால் கொடுத்துப் போகும். காயமில்லாத குட்டியை அங்கேயே விடுவதுதான் உதவி. காயம்பட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லவேண்டும்; 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வீட்டில் வளர்க்கக்கூடாது.

வளர்ப்பு முயல் குணமானதும் ‘சுதந்திரமாக இருக்கட்டும்’ என்று தோப்பிலோ ஏரிக்கரையிலோ விடுவது அதை மறுபடி நாயிடம் கொடுப்பதுதான். நல்ல கவனிப்பில் எட்டு, பத்து ஆண்டுகள் வாழும் பிராணி அது. பொறுப்பான ஒரு வீட்டைத் தேடிக் கொடுப்பதுதான் மீட்பின் கடைசிக் கட்டம். பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். வளர்க்க முடியாதவர்கள் தெருவில் விடாமல், வளர்க்கக்கூடியவரிடமோ விலங்கு நல அமைப்பிடமோ ஒப்படைக்கவேண்டும்.