டர்க் நொவிட்ஸ்கியின் ஒற்றைக் கால் ஷாட்

கூடைப்பந்தில் ஏழடி உயரக்காரருக்கு ஒரு காலத்தில் வேலை கூடைக்கு அடியில்தான். தோளால் நெருக்கி இடம் பிடிக்க வேண்டும், ரீபவுண்டை எடுக்க வேண்டும், கைக்கெட்டும் தூரத்திலிருந்து பந்தைப் போட வேண்டும். தள்ளி நின்று குறிபார்த்து எறிவது உயரம் குறைந்தவர்களின் பொறுப்பு. இந்தப் பாகப்பிரிவினையைக் கலைத்துப்போட்டவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவின் டல்லாஸ் மாவெரிக்ஸ் அணிக்காக ஆடிய ஜெர்மானியர் டர்க் நொவிட்ஸ்கி.

1978இல் வூர்ட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். அம்மா கூடைப்பந்து வீராங்கனை, அப்பா ஹேண்ட்பால் வீரர். பதின்வயதில் அவர் பயிற்சியாளர் ஹோல்கர் கெஷ்விண்ட்னரின் கண்ணில் பட்டார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய கெஷ்விண்ட்னர், கணிதமும் இயற்பியலும் படித்தவர். பந்து தாழ்வாகப் பறந்து வந்தால் வளையத்தின் வாய் அதற்குக் குறுகலாகிவிடும். உயர எழும்பி மேலிருந்து இறங்கினால் அதே வாய் அகலமாகக் கிடைக்கும், சிறு பிசகையும் பொறுத்துக்கொள்ளும். இந்தக் கணக்கை வைத்தே மாணவனின் ஷாட்டை அவர் செதுக்கினார்.

1998இல் சான் அன்டோனியோவில் நடந்த இளையோர் ஆட்டத்தில், அமெரிக்காவின் சிறந்த இளைஞர்களுக்கு எதிராக டர்க் 33 புள்ளிகள் எடுத்தார். அதே ஆண்டு டல்லாஸ் அவரைக் கொண்டுவந்தது. முதல் சீசன் சோபிக்கவில்லை, சராசரி 8.2 புள்ளிகள்தான்.

பிறகு எதிரணிகளுக்குத் தலைவலி தொடங்கியது. உயரமான தடுப்பாளரை நிறுத்தினால், டர்க் த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு அவரை இழுத்துவந்து, தலைக்கு மேலே எறிவார் அல்லது கடந்து ஓடுவார். வேகமான குள்ளரை நிறுத்தினால் அவர் கை பந்துக்கு எட்டவே எட்டாது.

அவருடைய முத்திரை ஷாட்டைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். தடுப்பாளருக்கு முதுகைக் காட்டியபடி பந்தைத் தட்டுவார். சட்டென்று திரும்பி, இடது காலை ஊன்றி, வலது முழங்காலை மடக்கி உயர்த்துவார். அந்த முழங்காலே எதிராளியை ஓரடி தள்ளி நிறுத்திவிடும். உடல் பின்னால் சாயும். பந்து தலைக்கு மேலிருந்து புறப்படும். சாய்ந்து விழும் நிலையிலும் குறி தப்பாதது பல்லாண்டுப் பயிற்சியின் விளைச்சல். கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் போன்றவர்களும் இந்த ஷாட்டைப் பழகிக்கொண்டார்கள்.

ஆனாலும் நெருக்கடியில் நிற்கமாட்டார் என்ற பழி அவரை விடவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் 2006 இறுதிச்சுற்றில் முதல் இரண்டு ஆட்டங்களை வென்ற டல்லாஸ், அடுத்த நான்கையும் மயாமி ஹீட்டிடம் இழந்தது. மறுவருடம் 67 வெற்றிகள். சீசனின் மிகச் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருது, ஐரோப்பியர் ஒருவருக்கு முதன்முறையாக. ஆனால் பிளே-ஆஃபின் முதல் சுற்றிலேயே, எட்டாம் இடத்திலிருந்த கோல்டன் ஸ்டேட்டிடம் தோல்வி.

2011 இறுதிச்சுற்றில் மறுபடி மயாமி. இம்முறை அங்கே லெப்ரான், வேட், பாஷ் என்ற நட்சத்திரங்கள் மூவரும் ஒன்றாக இருந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே டர்க்கின் இடது நடுவிரலில் தசைநாண் கிழிந்தது. இரண்டாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் டல்லாஸ் 15 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. அங்கிருந்து எட்டிப்பிடித்து 95-93 என்று வென்றது. அணியின் கடைசி ஒன்பது புள்ளிகளும் டர்க்குடையவை. வெற்றிக்கான பந்தைக் கூடையில் போட்டதோ அந்தக் காயம்பட்ட இடது கை! நான்காவது ஆட்டத்தில் 101 டிகிரி காய்ச்சலோடு ஆடி 21 புள்ளிகள் எடுத்தார். டல்லாஸ் அணியின் முதல் சாம்பியன் பட்டம் அப்படித்தான் வந்தது.

2014இல் மற்ற அணிகள் பெரிய தொகையோடு காத்திருந்தும், குறைந்த சம்பளத்துக்கு டல்லாஸிலேயே கையெழுத்திட்டார். 2019இல் ஓய்வு பெறும்போது 21 சீசன்களையும் அந்த ஒரே அணிக்கு ஆடி முடித்திருந்தார். 31,560 புள்ளிகளோடு, அதிகப் புள்ளிகள் எடுத்தவர்களின் அன்றைய என்.பி.ஏ. பட்டியலில் ஆறாம் இடத்தில் இருந்தார்.