குடோனில் மூட்டை, டிஸ்க்கில் டேட்டா

ஈரோட்டு மஞ்சள் விவசாயி விலை ஏறும்வரை மூட்டைகளைக் குடோனில் போட்டுவைப்பார். கொண்டுவந்த லாரி மறுநாள் எங்கே போனாலும் அவருக்குக் கவலையில்லை. ரசீது கையில் இருக்கிறது, மூட்டை குடோனில் இருக்கிறது. கோவை சரவணம்பட்டியிலும் பீளமேட்டு டைடல் பார்க்கிலும் மென்பொருள் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் குபேர்நெட்டீஸில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியதும் இதைத்தான்.

ஒரு செயலியையும் அது ஓடத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொட்டலமே கன்டெய்னர். 2013இல் வந்த டாக்கர் இதைப் பரவலாக்கியது. பல சர்வர்களில் ஓடும் கன்டெய்னர்களை மேய்க்க 2014இல் கூகுள் வெளியிட்டது குபேர்நெட்டீஸ். கிரேக்கத்தில் ‘மீகாமன்’ என்று பொருள். ஒரு கன்டெய்னர் விழுந்தால் உடனே புதிது எழும்பும். ஆனால் பழையது தனக்குள் எழுதிய கோப்புகள் அதோடு அழிந்துவிடும். வெறும் வலைப்பக்கம் காட்டும் செயலிக்கு இதனால் நஷ்டமில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியின் ஆர்டர் கணக்கைத் தாங்கும் டேட்டாபேஸ் என்றால், தொழிலே நின்றுபோகும்.

அதனால் டேட்டாவுக்குத் தனி இடம் வேண்டும். அந்த இடம்தான் பெர்சிஸ்டென்ட் வால்யூம். ‘பத்து கிகாபைட் வேண்டும், ஒரு சர்வரிலிருந்து எழுதினால் போதும்’ என்று செயலி தரும் விண்ணப்பம், கிளெய்ம். எந்த வகை டிஸ்க், வேகமானதா சாதாரணமானதா என்பதை ஸ்டோரேஜ் கிளாஸ் சொல்லும். அதைப் பார்த்து வால்யூமைத் தானாகவே உருவாக்கித் தரவும் முடியும். விண்ணப்பமும் வால்யூமும் இணைந்துவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கும் போகாது. புதிதாக எழும்பும் கன்டெய்னர் அதே கிளெய்மைக் காட்டி, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஒரு டேட்டாபேஸைப் பல பிரதிகளாக ஓட்ட, குபேர்நெட்டீஸின் ஸ்டேட்ஃபுல்செட் என்ற அமைப்பு பொருத்தமானது. அதில் ஒவ்வொரு பிரதிக்கும் 0, 1, 2 என்று மாறாத எண் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தன் சொந்த வால்யூம் உண்டு.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. டிஸ்க் ஒரே சர்வருக்குள் இருந்தால், அந்தச் சர்வர் பழுதாகும்போது டேட்டாவை எட்ட முடியாது. நெட்வொர்க் வழியே எந்தச் சர்வரும் எட்டும் சேமிப்பே பத்திரம். இரண்டாவது, தானாக உருவாகும் வால்யூமின் இயல்பான விதி ‘டெலீட்’: கிளெய்மை அழித்தால் டேட்டாவும் போகும். முக்கியமான கணக்குக்கு அதை ‘ரீடெய்ன்’ என்று மாற்றிவிடுங்கள். அப்போதும் பேக்கப் தனியே எடுக்கத்தான் வேண்டும்.

அமைத்து முடித்ததும் ஒரு பதிவை எழுதிவிட்டு, கன்டெய்னரை நீங்களே அழித்துப் பாருங்கள். புதியது எழும்பி அந்தப் பதிவைக் காட்டினால்தான் வேலை முடிந்தது.