பத்து ராட் நிலம் – 6: வாளிக்கு அடியில்

ராட் என்பது பழைய பிரிட்டிஷ் நில அளவு; என் தோட்டத்தின் பத்து ராட் சுமார் 250 சதுர மீட்டர். அதில் பாதிக்குத் தொழுவுரம் பரப்பி மூடியாயிற்று. போன வாரமே சொன்னதுதான். இந்த வாரம் உருளை விதைக்கிழங்கை முளைகட்டுவது பற்றி எழுதுவதாக இருந்தேன். ஞாயிறு காலை, வேலியோரம் கவிழ்த்திருந்த வாளியைத் தூக்கிப் பார்த்த பிறகு வேறெதுவும் மனத்தில் நிற்கவில்லை.

பிப்ரவரிக் களிமண் பூட்ஸை விடமாட்டேன் என்கிறது. புல் முழுக்க உறைபனி. வாளிக்கு அடியில் மட்டும் ருபார்ப், அந்தப் புளிப்புத் தண்டுச் செடி, கிளம்பிவிட்டது. சுண்டுவிரல் பருமனில் நான்கு தண்டுகள், பன்னீர் ரோஜா நிறம். நுனியில் கசக்கிய பட்டுத்துணி மாதிரி மஞ்சள் இலை, இன்னும் விரியவில்லை. ஜனவரியில் தூரின் மேல் வைக்கோல் போட்டு, வாளியைக் கவிழ்த்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு செங்கல் வைத்தேன். செய்தது அவ்வளவுதான்.

நல்ல குளிர் வாங்கினால்தான் ருபார்ப் வேரின் உறக்கம் கலையும். கலைந்ததும் இருட்டில் வைத்தால், வெளிச்சத்தைத் தேடித் தண்டு நீள்கிறது. இலையால் உணவு சமைக்க வழியில்லை. கோடையில் வேர் சேர்த்த மாவுச்சத்துதான் சர்க்கரையாகிச் செலவாகிறது. அதனால்தான் நார் இல்லை, புளிப்பும் மட்டு.

யார்க்‌ஷயரில் வேக்ஃபீல்ட், மார்லி, ராத்வெல் ஊர்களுக்கு நடுவே இதையே பெரிய விவசாயமாகச் செய்கிறார்கள். வேரை இரண்டு வருடம் பறிக்காமல் வயலில் வளர்த்து, பனி பட்டதும் தோண்டி, சூடேற்றிய இருட்டுக் கொட்டகைக்குள் நெருக்கி அடுக்குகிறார்கள். ஒரு காலத்தில் அந்தச் சூட்டுக்கு நிலக்கரி பக்கத்துச் சுரங்கத்திலிருந்து வந்தது. வயலுக்கு உரம், கம்பளி ஆலைக் கழிவு. பறிப்பது மெழுகுவத்தி வெளிச்சத்தில். மொட்டு உறை பிளக்கும் ‘பட்’ சத்தம் காதில் விழுமாம்! 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு நம் புவிசார் குறியீடு போன்ற பாதுகாப்பைக் கொடுத்தது. அந்தக் கொட்டகைக்குள் ஒரு தடவையாவது மூச்சடக்கி நிற்க வேண்டும்.

ஆனால் அறுவடை முடிந்ததும் அந்த வேர் சக்கைதான், தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதற்கு மனம் வரவில்லை. அடுத்த பாத்திப் பெரியவரும் வந்து பார்த்துவிட்டு, இனி இரண்டு வருடம் இந்தத் தூரைத் தொடவே கூடாது என்றார். தொடமாட்டேன். அடுத்த வருடம் வாளி பக்கத்துத் தூருக்குப் போகும்.

இலையில் ஆக்சாலிக் அமிலம் அதிகம், நஞ்சு. அதை நறுக்கி மட்குக் குழியில் போட்டேன். தண்டை, மாங்காய்ப் பச்சடிக்குச் செய்கிற மாதிரி வெல்லம் போட்டு வேகவைத்தோம். ஐந்தே நிமிடத்தில் குழைந்துவிட்டது.

விதைக்கிழங்கு முட்டை அட்டையில், கண் மேலே பார்க்க, சமையலறைச் சன்னலோரம் இருக்கிறது. அதற்கு வெளிச்சம் வேண்டும்; இருட்டில் வைத்தால் முளை வெளுத்து நீண்டு ஒடிந்துவிடும். அது அடுத்த வாரம்.