ஸ்டார்ட் செய்யும்போது தீப்பொறி ஏன் மங்குகிறது?



“அப்பா ஓட்டிய மோரிஸ் மைனர். பெயிண்ட் புதிது, டயர் புதிது. ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. பிளக் மாற்றினோம், காயில் மாற்றினோம். இனி விற்றுவிட வேண்டியதுதானா?” பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பல நேரங்களில் கோளாறு மாற்றிய பொருளில் இருப்பதில்லை. எனவே அளந்து பார்த்த பிறகே பொருள் வாங்குங்கள் என்பதுதான் இன்றைய அரங்கின் செய்தி.

1948 முதல் 1971 வரை தயாரான மோரிஸ் மைனரில் கம்ப்யூட்டர் கிடையாது. பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அதற்கான மின்னோட்டத்தை விட்டு விட்டுத் துண்டிப்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கான்டாக்ட் பாயிண்ட். இந்த முறையைக் கெடிலாக் காருக்காக உருவாக்கியவர் அமெரிக்கரான சார்ல்ஸ் கெட்டரிங். 1912-இல் அதே காருக்கு மின்சார ஸ்டார்ட்டரைத் தந்தவரும் அவரே.

இந்த இரண்டும் ஒரே பேட்டரியை நம்பியிருப்பதில்தான் சிக்கல். ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும்போது மின்சாரத்தில் பெரும்பங்கை அது இழுத்துக்கொள்கிறது. காயிலுக்குக் கிடைப்பது 12 வோல்ட்டிலிருந்து 9 ஆகக் குறைந்தால், அதில் சேரும் சக்தி பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். குளிர்ந்த இஞ்சினுக்கு அந்தப் பொறி போதாமல் போகலாம்.

சோதனையை எங்கே தொடங்குவது? முதலில் கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்து விடுங்கள். பெட்ரோல் வாடை இருந்தால் தொடாதீர்கள். உபரி பிளக் ஒன்றை வயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி இஞ்சினை நன்றாகத் தொடும்படி வையுங்கள். கையால் பிடிக்க வேண்டாம். ஒருவர் ஸ்டார்ட் செய்யட்டும். நீல நிறத்தில் ‘டிக் டிக்’ என்று தெறித்தால் பொறி நன்றாக உள்ளது. மஞ்சளாக மெலிந்து தெரிந்தால் பலவீனம்.

அடுத்து மீட்டரை எடுங்கள். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியையும் அதன் முனைகளையும் கவனியுங்கள். வாரக் கணக்கில் ஓடாமல் நிற்கும் கார்களில் இது சகஜம். பேட்டரி சரியாக இருந்தும் காயிலுக்கு வரும் வோல்ட் வெகுவாகக் குறைந்தால் சுவிட்சிலோ வயரிலோ குறை. ஸ்டார்ட்டர் சுழலும்போதே, இஞ்சினுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள். மோரிஸ் மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த். இதை மறந்து வயரை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

1970-களின் ஃபோர்ட் எஸ்கார்ட் போன்ற பல கார்களில் பெலாஸ்ட் என்ற தடை உண்டு. ஓடும்போது அது காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மட்டும் வேறொரு வயர் முழு வோல்ட்டையும் தரும். அந்த வயர் அறுந்தால், சாவியை விடும் நொடியில்தான் இஞ்சின் பிடிக்கும். இது நல்ல அடையாளம். காயிலும் பொருந்த வேண்டும். பெலாஸ்ட் இல்லாத காருக்கு ஏறக்குறைய 3 ஓம் காயில். இருக்கும் காருக்கு 1.5 ஓம். 3 ஓம் காயிலைப் பெலாஸ்ட் உள்ள காரில் மாட்டினால் பொறி மங்கும், 1.5 ஓம் காயிலைப் பெலாஸ்ட் இல்லாத காரில் மாட்டினால் காயில் கொதிக்கும், பாயிண்ட் தீய்ந்துபோகும்.

மின்சாரம் சரியாக வருகிறதென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறங்கள். பாயிண்ட் கருத்தோ குழி விழுந்தோ இருந்தால் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். மோரிஸ் மைனரில் அதன் இடைவெளி 0.015 அங்குலம், பிளக்கில் 0.025 அங்குலம். பாயிண்டில் பெரிய பொறி பறந்தால் கண்டன்சரைச் சந்தேகியுங்கள். நம் நாட்டின் ஈரக் காற்றில் மூடிக்குள் நீர் கோத்து, தலைமுடி போன்ற கருங்கோடுகள் விழுவதும் உண்டு. அந்த வழியே பொறி கசிந்துவிடும். துணியால் துடையுங்கள். கோடு விழுந்த மூடியை மாற்றுங்கள்.

பேட்டரி, காயிலுக்கு வரும் வோல்ட், எர்த், பாயிண்ட், கண்டன்சர், மூடி. காயிலை வாங்குவது கடைசியில்தான். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிக் காரிலேயே வையுங்கள். பட்டறைக்குப் போனாலும், அளந்த எண்களைச் சொல்லிப் பேசுங்கள். வீண் செலவு குறையும். அப்பாவின் காரைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பும் முடிவை அவசரப்பட்டு எடுக்கவும் நேராது.