ஒரே பணம்... ஒரு கணினி ஓடும், ஒன்று நொண்டும்!

குட்டீஸ்... முதலில் ஒரு புதிர்!

இரண்டு நண்பர்கள், விளையாடுவதற்காகக் கணினி வாங்குகின்றனர். இருவரும் செலவழிப்பது ஒரே தொகை. ஒருவருடைய கணினியில் கார் பந்தயம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மற்றவருடையதில் கார் நின்று நின்று, நொண்டியடித்துப் போகிறது. ஏன்?

விடை: பணத்தை அவர்கள் பங்கிட்ட விதம்!

மாட்டு வண்டியில் ஒரு பக்கம் காங்கேயம் காளையையும், மறு பக்கம் கன்றுக்குட்டியையும் பூட்டினால் என்னவாகும்? காளைக்கு எவ்வளவு பலம் இருந்தாலும், கன்றின் வேகத்தில்தான் வண்டி போகும். காளைக்குக் கொடுத்த விலையில் பாதி வீண். கணினியும் அப்படித்தான். அதில் உள்ள பாகங்கள் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்க வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் மாதாமாதம் மிச்சம் பிடித்த பணத்தில் வாங்கப்போகும் பொருள் இது. கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டலாமா? பாகங்களை நாமே தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்வோம், வாருங்கள்!

படம் வரைவது யார்?

விளையாட்டுக் கணினிக்குள் இரண்டு முக்கியமான வேலைக்காரர்கள் உண்டு. ஒருவர் பிராசஸர். பந்து எங்கே போகும், எதிராளி எந்தப் பக்கம் திரும்புவான் என்று கணக்கிடுவது இவர் வேலை. இன்னொருவர் கிராபிக்ஸ் கார்டு. அந்தக் கணக்கைப் படமாக வரைந்து திரையில் காட்டுவது இவர் வேலை.

படம் வரைவது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? பேப்பரும் பேனாவும் எடுங்கள். முழு எச்.டி. மானிட்டரில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக 1,080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 படம் வரைய வேண்டுமானால், 12 கோடியே 44 லட்சத்து 16 ஆயிரம் புள்ளிகள்! கண் சிமிட்டி முடிப்பதற்குள் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு நிறம் தீட்டியாக வேண்டும்.

அதனால்தான் விளையாட்டுக் கணினியில் கிராபிக்ஸ் கார்டுக்குப் பெரிய பங்கு ஒதுக்குகிறோம். அதே சமயம், 4கே மானிட்டர் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். அதில் புள்ளிகள் சரியாக 4 மடங்கு! வரையும் வேலையும் ஏறக்குறைய அத்தனை மடங்கு கூடும். அதற்கு ஏற்ற கார்டின் விலையும் எகிறும். சிக்கனமாக வாங்குபவருக்கு முழு எச்.டி. மானிட்டரே போதும்.

நூறு ரூபாய்க் கணக்கு

பாகங்களின் விலை வாரத்துக்கு வாரம் மாறும். எனவே விலையை மனப்பாடம் செய்யாமல், பங்கை நினைவில் வையுங்கள். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் நீங்கலாக, உங்களிடம் 100 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

கிராபிக்ஸ் கார்டு - 35 ரூபாய்
பிராசஸர் - 20 ரூபாய்
ரேம், எஸ்.எஸ்.டி. இரண்டும் - 20 ரூபாய்
மதர்போர்டு - 12 ரூபாய்
எஸ்.எம்.பி.எஸ். - 8 ரூபாய்
கேபினட் - 5 ரூபாய்

இது கல்லில் செதுக்கிய சட்டம் அல்ல. தொடங்குவதற்கு ஒரு வழிகாட்டி. 2025-ஆம் ஆண்டின் இறுதியில் ரேம் விலை மளமளவென ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய கணினிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவித்ததே காரணம். இதுபோன்ற சமயத்தில், வேறொரு பங்கைக் கொஞ்சம் குறைத்து ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

ஜோடி சேருமா?

நல்ல செருப்புத்தான், ஆனால் காலுக்குப் பொருந்தவில்லை என்றால்? பிராசஸரும் அப்படியே. அது உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். ஏ.எம்.டி. நிறுவனத்தின் 'ஏ.எம்.4' பிராசஸரில் 1,331 ஊசிகள் உண்டு. இன்டெல்லின் 'எல்.ஜி.ஏ.1700' சாக்கெட்டில் 1,700 தொடுமுனைகள். ஒன்றுக்குரிய மதர்போர்டில் மற்றொன்று உட்காரவே உட்காராது.

ரேமில் இன்னொரு வேடிக்கை! டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டிலும் 288 முனைகள்தான். பார்த்தால் அண்ணன் தம்பி போலவே இருக்கும். ஆனால், நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். மதர்போர்டு எந்த வகையைக் கேட்கிறதோ, அதைத்தான் வாங்க வேண்டும். அழுத்தித் திணித்தால் உடைந்துவிடும்.

16 ஜி.பி. ரேம் வாங்குவதானால், ஒரே துண்டாக வாங்குவதைவிட 8 ஜி.பி. துண்டு இரண்டு வாங்குவது நல்லது. ஒரு வாசலுக்குப் பதில் இரு வாசல் திறந்தால் கூட்டம் சீக்கிரம் வெளியேறுமல்லவா? அதே தத்துவம்!

பணம் போதவில்லையா?

கவலை வேண்டாம். சில பிராசஸர்களுக்குள்ளேயே படம் வரையும் பகுதி உண்டு. 2021-இல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி அப்படிப்பட்டது. பெயரின் கடைசியில் உள்ள 'ஜி'யைக் கவனித்தீர்களா? முதலில் இப்படி ஒரு பிராசஸருடன் தொடங்கி, மைன்கிராஃப்ட் போன்ற எளிய விளையாட்டுகளை ஆடலாம். பாடத்துக்கும் கணினி பயன்படும். அடுத்த ஆண்டு பணம் சேர்ந்ததும் கிராபிக்ஸ் கார்டு வாங்கிச் செருகிக்கொள்ளலாம். இந்தப் பிராசஸர்கள் ரேமிலிருந்தே இடம் கடன் வாங்கிப் படம் வரையும். ஆகவே, இரண்டு ரேம் துண்டுகள் இங்கு இன்னும் அவசியம்.

ஜாக்கிரதை! இன்டெல் பிராசஸரின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால், அதில் படம் வரையும் பகுதி கிடையாது. விலை குறைவு என்று வாங்கிவிட்டு, கார்டு இல்லாமல் மாட்டினால் திரை இருட்டாகத்தான் இருக்கும்!

இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

பலரும் கடைசியில், மிச்சமிருக்கும் சில்லறையில் வாங்குவது எஸ்.எம்.பி.எஸ். கணினியின் இதயம் அதுதான்! சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறு மின்சாரத்தை, 12, 5, 3.3 வோல்ட் நேர் மின்சாரமாக மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் ஊட்டுகிறது. இது தரமற்றதாக இருந்து கெட்டுப்போனால், தான் மட்டும் போகாது. கிராபிக்ஸ் கார்டையும் மதர்போர்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போகலாம். 8 ரூபாயில் மிச்சம் பிடிக்கப்போய், 92 ரூபாயையும் பறிகொடுப்பது புத்திசாலித்தனமா?

எத்தனை வாட் தேவை? கூட்டிப் பாருங்கள். ரைசன் 5 5600 பிராசஸருக்கு 65 வாட். ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 கார்டுக்கு 132 வாட். ஆக 197. விசிறி, டிஸ்க் முதலியவற்றையும் சேர்த்தால் இன்னும் கூடும். கார்டு சில நொடிகளில் திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும். அதற்கும் இடம் விட வேண்டும். அதனால், இந்தக் கார்டுக்கு 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். இருக்கட்டும் என்று தயாரிப்பாளரே கூறுகிறார்.

'80 பிளஸ்' என்ற முத்திரை, மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றும் திறனைக் காட்டும். அத்துடன், பெயர் பெற்ற தயாரிப்பா, எத்தனை ஆண்டு வாரண்டி என்றும் பாருங்கள். சில கேபினட்டுகளுடன் விலை மலிந்த எஸ்.எம்.பி.எஸ். சேர்த்தே தருவார்கள். 'இலவசம்தானே' என்று மயங்காதீர்கள்!

பழைய கார்டு வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் விசாரித்து வாங்குங்கள். 'எத்தீரியம்' என்ற கணினிப் பணத்தை உருவாக்க, கிராபிக்ஸ் கார்டுகளை இரவும் பகலும் ஓட்டினர். 2022 செப்டம்பரில் அந்த முறை கைவிடப்பட்டதும், அப்படி உழைத்த கார்டுகள் பல விற்பனைக்கு வந்தன. எனவே, பழைய கார்டைக் கண்ணெதிரே கணினியில் மாட்டி, ஒரு விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்!

கடைக்குப் போகும் முன்...

நீங்கள் ஆட விரும்பும் மூன்று விளையாட்டுகளின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன பிராசஸர், எவ்வளவு ரேம், எந்தக் கார்டு தேவை என்று தயாரித்தவர்களே வெளியிட்டிருப்பார்கள். அதைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலுடன் அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது. மற்ற ஊர்களிலும் கணினிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை.

வாங்கும்போது, ஒவ்வொரு பாகத்தின் பெயரும் எண்ணும் எழுதிய ஜி.எஸ்.டி. ரசீது கட்டாயம் வேண்டும். வாரண்டிக்கு அதுதான் சாட்சி.

'இந்தப் பாகம் எதற்கு? ஏன் இதையே வாங்க வேண்டும்?' என்று வீட்டில் கேட்டால், உங்களால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் விடை சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத பாகத்தைப் பட்டியலில் வட்டமிடுங்கள். அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு, அப்புறம் பணத்தை எடுங்கள். சரிதானே, குட்டீஸ்?